குழந்தையின் மூச்சுக்குழலில் மணிலாப் பருப்பு

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கங்களில் மணிலா பறித்து வீடு சேர்ந்துவிட்டால் திண்ணையெங்கும் மல்லாட்டைக் குவியல்தான். பெரியோர் உடைத்துக் கொண்டிருக்க, நடைபழகும் குழந்தையும் ஒரு பருப்பை எடுத்து வாயிலிடும். குறிஞ்சிப்பாடித் தறிவீடுகளிலும் வறுத்த கடலை புதிதன்று. இதில் மறைந்துள்ள அபாயமொன்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சிறு குழந்தைகளுக்குக் கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திரா. ஓடியும் சிரித்தும் தின்னுகையில் மெல்லப்படாத பருப்பு மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். புளியங்கொட்டை, மணி முதலியனவும் அவ்வாறே. உடனே புரையேறிக் கடும் இருமல் எழும். சற்றுநேரத்தில் அது தணியவும் கூடும். பருப்பு வயிற்றுக்குள் போய்விட்டதென்று தாய் மனம் ஆறுவாள். இவ்வமைதியே நம்மை ஏமாற்றுவது! கிளைக்குழலில் தங்கிய பருப்பு ஈரத்தில் ஊதும். அதன் எண்ணெய் குழலின் உட்புறத்தைப் புண்படுத்தும். சில நாட்களில் இழுப்பு, காய்ச்சல், நுரையீரல் அழற்சி தோன்றும். சளியென்றும் ஆஸ்துமாவென்றும் மருந்து கொடுத்தும் நோய் தீராது.

எக்ஸ்ரே படத்தில் பருப்பு தெரிவதில்லை; தொடக்கத்தில் படம் குறையற்றதாகவே தோன்றவும் கூடும். ஆதலின், "கடலை தின்னும்போது புரையேறிற்று" என்று தாய் சொல்லும் ஒரு சொல்லே மருத்துவருக்குச் சிறந்த வழிகாட்டி. நாட்கள் பல கடந்திருப்பினும் அதனைச் சொல்லத் தயங்கலாகாது.

1897இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டவ் கில்லியன் என்னும் மருத்துவர், ஓர் உழவரின் மூச்சுக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டை வாய்வழியே குழல் செலுத்தி எடுத்தார். இன்று குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்து, ஒளியுள்ள நுண்குழலால் அவ்வாறே பருப்பை எடுக்கின்றனர். சிதம்பரம் அண்ணாமலை நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குக் காலந்தாழ்த்தாது செல்லுதல் நன்று.

குழந்தை உரக்க இருமினால் இருமவிடுக. வாயில் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவற்க. அது மேலும் உள்ளே போகும். அழவோ இருமவோ இயலாது உதடு நீலம் பாய்ந்தால், 108க்குச் சொல்லியனுப்பி உடனே செயற்படுக. ஓராண்டு நிரம்பாத சிசுவைத் தலை தாழ முன்கையில் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டி, பின் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 முறை அழுத்துக. சிசுவின் வயிற்றை அழுத்தலாகாது. வளர்ந்த குழந்தைக்கு முதுகில் 5 முறை தட்டி, பின்னிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை இவற்றை மாறி மாறிச் செய்க. உணர்விழந்தால் மார்பை அழுத்தி மூச்சளிக்கத் தொடங்குக.

ஐந்து வயது வரை முழுக்கடலையும் முந்திரியும் கொடாது, அரைத்தோ பொடித்தோ கொடுப்போமாக. நாம் விளைவித்த பொருள் நம் குழந்தைக்கு ஊறாகலாமா? இதனை வீட்டுப் பெண்டிருக்கும் முதியோருக்கும் படித்துக் காட்டுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.