பயிரிட்டு வளர்க்கும் தோல்



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி, கொதிநீர்ப் பானையை இழுத்துத் தன் கைமேல் கவிழ்த்துக்கொண்டாள். பதறிப்போன பாட்டி, கைக்கு அகப்பட்ட கிச்சாப்பை எடுத்துப் பூசிவிட்டார். ஆஸ்பத்திரியில் புண்ணின் ஆழம் தெரியாமல், முதலில் அந்தக் கறுப்பையெல்லாம் கழுவ வேண்டியதாயிற்று. அவள் அலறியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அன்றிலிருந்து தீப்புண் வைத்தியத்தைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். அதில் ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தோல் வெறும் போர்வையன்று. உடம்பின் நீரை உள்ளே காத்து, கிருமிகளை வெளியே நிறுத்தும் வேலி அது. வேலி எரிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே டாக்டர்கள் நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து, வெந்த இடத்தில் ஒட்டுவார்கள். ஆனால் உடம்பு முழுவதும் வெந்துவிட்டால் தோலுக்கு எங்கே போவது?

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நாம் அறிவோம். ஒரு மரத்தின் மொட்டு வேறு மரத்தில் பிடித்துக்கொள்ளும். மனித உடம்பு அப்படியன்று. பிறர் தோலைச் சில வாரங்களில் தள்ளிவிடும். நிலையாக ஒட்ட வேண்டுமானால் அவரவர் தோலே வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஹோவர்ட் கிரீன். 1975-ல் அவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும், மனிதத் தோலின் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். பெருகாதபடி செய்யப்பட்ட எலியின் உயிரணுக்களைத் தட்டில் பரப்பினார்கள். அந்த நாற்றங்காலில் மனித உயிரணுக்கள் செழித்துப் பெருகி, மெல்லிய தாளாகப் படர்ந்தன. தபால்தலை அளவுத் தோல், மூன்று நான்கு வாரங்களில் ஓர் ஆளையே போர்த்தும் அளவுக்குப் பெருகக்கூடியது!

1983-ல் இந்த முறைக்குப் பெரும் சோதனை வந்தது. அமெரிக்காவில் ஐந்து, ஆறு வயதுச் சகோதரர் இருவருக்கு உடம்பில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்துவிட்டது. பாஸ்டன் நகர டாக்டர்கள் எரியாமல் தப்பிய சிறு துண்டுத் தோலை எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்த தோல் அவர்கள் உடம்பில் ஏறக்குறைய பாதியை மூடியது. இருவரும் பிழைத்தார்கள். 1984-ல் மருத்துவ ஏட்டில் இது வெளியானது.

ஆனால் இது மந்திர வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். இப்படி வளர்வது மேல்தோல் மட்டுமே. அதில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, முடியும் இல்லை. எளிதில் கொப்பளிக்கும்; கிருமி புகுந்தால் ஒட்டாமல் போகும். செலவும் மிக அதிகம். தோல் வளரும் வரை, இறந்தவர்கள் தானமாகத் தந்த தோலால் புண்ணை மூடி வைப்பதும் உண்டு. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அத்தகைய தோல் வங்கி இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேல்தோலும் அடித்தோலும் சேர்ந்த 'மைடெர்ம்' என்னும் தோலை உருவாக்கியிருக்கிறார்கள்.

விஞ்ஞானம் தோலை வளர்க்க வாரக்கணக்கில் ஆகிறது. நம் வீட்டுக் குழாயோ இருபது நிமிடத்தில் தோலைக் காக்கும். எப்படி என்கிறீர்களா?

சுட்ட இடத்தில் உடனே குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரங்களைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கிச்சாப், பற்பசை, முட்டை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் இலேசாக மூடுங்கள். குழந்தைக்கு அதிகமாக வெந்திருந்தால் மற்ற பாகங்களைப் போர்த்திக் குளிராமல் பார்த்துக்கொண்டு, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்குத் தாமதமின்றி அழையுங்கள்.

பாட்டி செய்தது அன்பினால்தான். குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்போடு அறிவும் சேர்ந்திருந்தால், அந்தப் பிள்ளையின் கையில் இன்று இருக்கும் தழும்பு இன்னும் சிறியதாக இருந்திருக்கும். இன்றிரவே உங்கள் வீட்டில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். பானையின் பிடியை அடுப்பின் உட்புறமாகத் திருப்பி வையுங்கள்.