கெசட்டுக்குள் இருக்கும் முகங்கள்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய வீடியோ கெசட் ஒன்று இருக்கக்கூடும். மகளின் திருமணமோ, வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளோ அதில் பதிவாகியிருக்கும். அதை இன்னும் எத்தனை காலத்துக்குப் பார்க்க முடியும் என்று சிந்தித்தீர்களா?

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 1994 இல் நடந்த என் தங்கையின் திருமணப் பதிவு அது. எங்கள் உம்மா நடமாடும் படம் அது ஒன்றுதான். உம்மா வபாத்தான பின்னர், அந்த மூன்று மணிநேரக் கெசட்டை ஒரு கடையில் கொடுத்து ஒரே சீடியில் பதிந்தெடுத்தோம். உம்மா அமர்ந்திருக்கையில் முகம் ஓரளவு தெரிந்தது. எழுந்து நடந்ததும் சதுரம் சதுரமாக உடைந்துபோனது.

காரணம் என்ன? படத்தின் தரத்தை முக்கியமாக இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று 'ரெசலூஷன்', படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. மற்றது 'பிட் ரேட்'. ஒரு விநாடிப் படத்துக்கு எவ்வளவு தரவு ஒதுக்கப்படுகிறது என்பது. துணி எவ்வளவு பெரிதானாலும் நூல் போதாவிட்டால் பூவேலை நிரம்புமா?

சீடி கொள்வது 700 மெகாபைட். மூன்று மணிநேரத்தை அதில் அடக்கினால் விநாடிக்குச் சுமார் அரை மெகாபிட்தான் கிடைக்கும். அசையாத காட்சிக்குச் சிறிது தரவு போதும். அசைவு கூடும்போது அதிகம் தேவை. உம்மாவின் முகம் உடைந்தது அதனால்தான்.

நல்லவேளை, கெசட்டை வீசவில்லை. மீண்டும் 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள், 8 மெகாபிட் என்ற அளவில் பதிந்தோம். மணிக்கு 3.6 கிகாபைட், மொத்தம் சுமார் 11 கிகாபைட். 16 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றே போதுமானதாயிற்று. உம்மா நடந்து வந்தார், முகம் உடையவில்லை.

"எச்.டி. ஆக்கித் தருகிறோம்" என்றால் மயங்காதீர்கள். 1920க்கு 1080 என்று புள்ளிகளைப் பெருக்கினாலும் கெசட்டில் பதியாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. 'எம்.பி.4' என்பதும் தரத்தின் பெயரல்ல. அது வெறும் பெட்டி. உள்ளே என்ன அளவில் அடைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள்.

பெண்கள் மட்டும் கூடிய வைபவப் பதிவைக் கடைக்குக் கொடுக்கத் தயங்குகிறீர்களா? டெக்கையும் கணினியையும் இணைக்கும் சிறு கருவி ஒன்றிருந்தால் வீட்டுப் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம்.

பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலக் கெசட்டை ஒருபோதும் எறியாதீர்கள்.

ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 இல் டெக் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நாடாவும் நாளுக்கு நாள் நலிகிறது. ஆகவே, இந்த விடுமுறையிலேயே அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள்.