காரின் மேனியில் படிந்த அயல் வர்ணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில் ஒருநாள், நயினாதீவு நாகபூஷணி அம்பாள் திருவிழாவுக்குச் செல்லும் பொருட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தேன். தந்தையார் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ-40 காரைக் கரையோரம் நிறுத்திவிட்டுப் படகேறினேன். மாலையில் திரும்பி வந்து பார்த்தால், காரின் கரும்பச்சை மேனியெங்கும் மாவைத் தூவினாற்போல வெண்புள்ளிகள்! சற்றுத் தொலைவில், கரையேற்றியிருந்த படகொன்றுக்கு விசிறிக் கருவியால் எனாமல் வர்ணம் பூசிக்கொண்டிருந்தனர். சோளகக் காற்று அதில் ஒரு பங்கை என் காருக்கும் பூசிவிட்டது.

பூசியவர்களுள் ஓர் இளைஞர் மனம் வருந்தி ஓடிவந்தார். “பொறுங்கோ சேர், தின்னர் போட்டுத் துடைச்சால் போயிடும்” என்று கூறி, நான் தடுக்குமுன்னே காரின் முன்மூடியில் துணியை வைத்துத் தேய்த்தார். வெண்புள்ளிகள் போயின, அவற்றோடு பச்சையும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான வடுவொன்று மிஞ்சியது.

இது ஏன் நேர்ந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. விசிறிக் கருவியிலிருந்து வர்ணம் நுண்துளிகளாகப் புறப்படுகின்றது. விரைவில் உலரும் வர்ணமாயின், துளிகள் வழியிலேயே காய்ந்து தூசியாக விழும். எனாமல் போன்று மெல்ல உலர்வதாயின், ஈரம் மாறாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். எவ்வாறாயினும், முன்னரே நன்கு இறுகிவிட்ட கார் வர்ணத்தோடு அது ஒன்றாகக் கலப்பதில்லை; மேலே பற்றிக்கொண்டு நிற்கின்றது, அவ்வளவே. ஆகவே, கீழுள்ளதைக் கெடுக்காமல் மேலுள்ளதை மட்டும் எடுத்தல் இயலும்.

தின்னருக்கோ இந்த வேறுபாடு தெரியாது. 1920களில் மோட்டார் வண்டிகளுக்கு வழக்கத்துக்கு வந்த செலுலோஸ் வர்ணம், உலர்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் தின்னரில் கரையும் இயல்புடையது. யாழ்ப்பாணத்தில் ஓடும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுள் இவ்வர்ணம் பூசப்பட்டவையும் உள. புதிய கார்களின் வர்ணம் வலிமை மிக்கதெனினும், அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான். உரசித் தேய்க்க அதிலே இடமில்லை.

எனவே, மென்மையான வழியில் தொடங்கி, அது பயன்படாதவிடத்து மட்டும் அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். முதலில் காரை நிழலில் நிறுத்தி, உலோகம் குளிரும்வரை பொறுத்திருங்கள். பின்னர் நிறைந்த நீரால் மணலையும் தூசியையும் கழுவி அகற்றுங்கள். தீவுப் பகுதியாராகிய நாம் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். நமது கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. அது காய்ந்தால் உப்புத் தடம் விடும், இரும்பையும் அரிக்கும். ஆதலால் நல்ல தண்ணீரையே பயன்படுத்துக. சுவருக்குப் பூசும் நீர் கலந்த வர்ணம் புதிதாகப் பட்டிருந்தால், மென்மையான சவர்க்கார நீரிலேயே அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

நீங்காவிடில், வாகனப் பொருள் விற்கும் கடைகளில் ‘கிளே பார்’ என்னும் பெயரில் கிடைக்கும் களிக்கட்டியை வாங்குங்கள். அதில் சிறு துண்டெடுத்துத் தட்டையாக்கி, காரின் மேற்பரப்பில் சவர்க்கார நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். மேலெழுந்து நிற்கும் துளிகளைக் களி பற்றி இழுத்துக்கொள்ளும். அழுக்கேறியதும் மடித்துப் புதிய முகத்தை வெளிக்கொணருங்கள். களி நிலத்தில் விழுந்தால் அதனை எறிந்துவிடுவதே முறை. ஒட்டிய ஒரு மணற்பரலே நூறு கீறல்களை உண்டாக்கும். கையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் இட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும்.

களிக்கும் அசையாத எனாமல் துளிகளுக்கு, மினரல் டேர்ப்பன்டைனில் சற்றே நனைத்த மென்துணி உதவும். முதலில் கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏறாவிடின், சிறிது சிறிதாகத் துடைத்து அவ்வப்போதே கழுவுங்கள். பிளாஸ்ரிக் விளக்குகளிலும் றப்பரிலும் இது படலாகாது. அருகில் நெருப்பும் இருத்தலாகாது. கண்ணாடியிலுள்ள புள்ளிகளை, சவர்க்கார நீரால் நனைத்தபின், புதிய சவர அலகைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடுக்கலாம். இரு கூறுகளைக் கலந்து பூசும் வர்ணம் இறுகிவிட்டதாயின், அதனைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவதே அறிவுடைமை. ஈற்றில், காரைக் கழுவி உலர்த்தி மெழுகு பூசுங்கள். பழைய மெழுகுக் காப்பைக் களி நீக்கியிருக்கும்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. வர்ணம் விசிறும் இடத்துக்குக் காற்று எத்திசையிலிருந்து வருகின்றதோ, அத்திசையில் காரை நிறுத்துக. சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவதை நம் கடலோடிகளின் பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அன்று அதனை மறந்தவன் கற்பிக்கும் தொழிலையுடைய நானே.

என் காரின் வெண்புள்ளிகள் இரண்டு நாட் பொறுமையில் முற்றாக நீங்கின. முன்மூடியிலுள்ள வடு மட்டும் நீங்கவில்லை. காற்று செய்த தீங்கைத் திருத்த முடிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த அவசரத்தைத் திருத்த முடியவில்லை. மாணவரின் பிழையைத் திருத்த முற்படும் போதெல்லாம் அவ்வடு என் நினைவுக்கு வருகின்றது.