டியூப் போனால் சிற்பமும் போச்சு!

தென்கொரியாவின் குவாச்சனில் இருக்கும் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்துக்குள் 18.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அடுக்கடுக்காக 1,003 டிவி பெட்டிகள். கொரியாவின் தேசத் தோற்ற நாள் அக்டோபர் 3 (10/03) என்பதால் அந்த எண்ணிக்கை. 1988-இல் இதை உருவாக்கியவர், வீடியோ கலையின் தந்தை எனப்படும் நாம் ஜூன் பெய்க்.

அடுத்தவர் கழித்துக் கட்டிய பொருள்மேல்தான் பெய்க்குக்கு எப்போதும் கண். 1963-இல் ஜெர்மனியின் வூப்பர்டாலில் நடந்த கண்காட்சிக்கு அவர் சேர்த்தவை செகண்ட் ஹேண்ட் டிவிகள். 1986-இல் பழைய ரேடியோ, டிவி மரப்பெட்டிகளைக் கை, கால், தலையாக அடுக்கி, தாத்தா பாட்டியோடு ஒரு ரோபோ குடும்பத்தையே உண்டாக்கினார். வயிற்றிலும் முகத்திலும் வீடியோ ஓடும்.

1965-இல் அவர் செய்த ‘மேக்னட் டிவி’யில் ஒரு பழைய டிவி, அதன் தலையில் கனத்த காந்தம், அவ்வளவுதான். பிக்சர் டியூபுக்குள் பாயும் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தம் திசைதிருப்ப, திரையில் ஒளி கோலமாக வளைகிறது. எல்சிடி திரையில் மலையளவு காந்தத்தை வைத்தாலும் இந்த வித்தை நடக்காது.

கவலையே இங்குதான். கல் சிற்பம் ஆயிரம் வருடம் தாங்கும்; பிக்சர் டியூபின் ஆயுள் சில பத்தாண்டுகள்தான். புதிதாகச் செய்வாரும் இல்லை என்றே சொல்லலாம். குவாச்சன் கோபுரம் பழுதாகி 2018-இல் நிறுத்தப்பட்டது. 2022-இல் மறுபடி ஒளிர்ந்தபோது 737 டியூப் டிவிகளைப் பழுதுபார்த்தும், பயன்படுத்திய பழைய டிவிகளைத் தேடிப்பிடித்து மாற்றியும் காப்பாற்றியிருந்தார்கள். மேலடுக்குகளில் இருந்த 266 சிறிய திரைகளுக்கு எல்சிடி வந்துவிட்டது. அடுத்த பழுதில் இன்னும் எத்தனை போகுமோ!

‘பாகங்களை மாற்றிக்கொள்ள பெய்க்கே சம்மதித்தவர்தானே’ என்பார்கள். சரிதான். ஆனால், வளைந்த கண்ணாடியும் அந்தக் கனமும் போன பிறகு மிஞ்சுவது வீடியோ மட்டும்தானே?

அருங்காட்சியகங்கள் உதிரிப் பாகங்களைச் சேர்த்துவைத்தால் மட்டும் போதாது. டியூப் டிவியைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவருகிறது. அவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு, இளைஞர்கள் சிலருக்காவது அந்தத் தொழிலைக் கற்றுத்தர வைக்க வேண்டும். வீடியோவை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தக் கைப்பழக்கத்தைப் பிரதி எடுக்க வேறு வழி கிடையாது.