கொள்ளுத்தாத்தாவின் எண்

தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்வீக ஊரைத் தேடி வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு தாளின் நகல் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எண், கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் தந்தது.

சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். தழும்பைக் குறித்துக்கொண்டது ஆளின் மேல் அக்கறையால் அல்ல. தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் கண்டு பிடிப்பதற்கு. அந்தப் போலீஸ் புத்திதான் இன்று கொள்ளுப்பேரன்களுக்கு உதவுகிறது.

பெயரை நம்பித் தேட இறங்கினால் திண்டாட்டம்தான். கப்பலுக்குக் கப்பல் முனுசாமிகள், கோவிந்தன்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார். பிறகு தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. முதலி அங்கே ‘மூட்லி’, கவுண்டர் ‘கோவெண்டர்’. இன்றைய குடும்பப் பெயர் கப்பல் பட்டியலில் இல்லாமலே போகலாம்.

அதனால் பின்னாலிருந்து போக வேண்டும். 1872இல் நேட்டாலில் இந்தியக் குடியேறிகளுக்கென்று ‘பாதுகாவலர்’ என்ற அதிகாரி வந்தார். அவரது அலுவலகப் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின், மணமக்களின் எண் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்துக் கப்பல் பதிவேட்டுக்குப் போகலாம். பெண்களுக்கும் தனி எண் என்பதால் கொள்ளுப்பாட்டியைத் தனியாகவே தேடலாம். நம் வீட்டு வம்சாவளிகளில் பாட்டிமார் அநேகமாகப் பெயரில்லாதவர்கள் அல்லவா!

குடும்பக் கதையையும் சற்றுச் சரிபார்க்க வேண்டும். 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. “1870இல் வந்தார்” என்று பாட்டி சொல்லியிருந்தால் ஆண்டு பிசகியிருக்கலாம். அல்லது அவர் ஒப்பந்தக் கூலியாக வராமல் சொந்தச் செலவில் வந்திருக்கலாம். ஜில்லாவையும் அன்றைய எல்லையில் படிக்க வேண்டும். தாளில் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் உடனே வேலூருக்கு ரயிலேற வேண்டாம். சித்தூர் தனி ஜில்லாவானது 1911இல்தான். ஊர் இன்றைய ஆந்திரத்தில் இருக்கலாம்.

ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான ஏமாற்றம். நம் பக்கத்து நிலவரிப் பதிவேடுகள் பட்டாதாரரின் பெயரைத்தான் சொல்லும். கப்பலேறியவர்களில் பலருக்குக் குழி நிலமும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பமானால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கலாம். மற்றவர்களுக்குக் குலதெய்வமும் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகமும்தான் கதி. கூலியாக அடைத்து அனுப்பிய அரசாங்கம் அவர்களை ஆளாளாக எழுதி வைத்தது. பிறந்த ஊர் ஒரு வரிகூட எழுதவில்லை. இதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டிலும் “நேட்டாலுக்குப் போனவர், திரும்பவே இல்லை” என்ற பேச்சு இருந்தால், அவர் பெயர், தகப்பன் பெயர், குலதெய்வம், கூடப் போனவர்கள் என்று தெரிந்ததையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். எண்ணோடு ஒருவர் தேடி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.