ஓட்டை மூடிவிடும், பார்வை திரும்புமா?

விழித்திரையின் நடுவில் மேக்குலா என்ற சிறு பகுதி இருக்கிறது. பேப்பர் படிப்பது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் தயவில்தான். அறுபதைத் தாண்டிய சிலருக்கு, அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக, அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. கண்ணை நிறைத்திருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ், வயதாக ஆகச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். அப்போது மேக்குலாவையும் இழுத்துக் கிழித்துவிடுவதுண்டு.

இந்த ஓட்டையை அறுவை சிகிச்சையில் மூட முடியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கெல்லியும் வெண்டலும் காட்டியது 1991இல். விட்ரியஸை அகற்றிவிட்டு, உள்ளே வாயுக் குமிழியை விடுவார்கள். குமிழி ஓட்டையை அழுத்திக்கொண்டிருக்க நோயாளியைச் சில நாட்கள் குப்புறப் படுத்திருக்கச் சொல்வதுண்டு. இன்று சிறிய ஓட்டைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மூடிவிடுகின்றன.

ஆனால் ஓட்டை மூடுவது வேறு, பார்வை வருவது வேறு. ஒரே மாதிரி மூடிய இரண்டு கண்களில் ஒன்று பொடி எழுத்தைப் படிக்கும். இன்னொன்று தலைப்பைப் படிக்கவே திணறும். விடை ஒளியுணர் செல்களில் இருக்கிறது. விழித்திரையை அடுக்கடுக்காகக் குறுக்குவெட்டில் காட்டும் ஓசிடி ஸ்கேனில், அந்தச் செல்கள் இருக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். ஓட்டை விழுந்த இடத்தில் அது அறுந்திருக்கும். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கோடு எவ்வளவு ஒட்டுகிறதோ, பெரும்பாலும் அவ்வளவு பார்வை திரும்பும்.

இதை முன்கூட்டியே கணிக்கத்தான் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேனையும், சில மாதங்கள் கழித்து அதே நோயாளி எழுத்து அட்டையில் எந்த வரிவரை படித்தார் என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இப்படிப் பல நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து, எந்தப் படத்துக்கு எந்த முடிவு என்பதை மென்பொருள் தானே கற்றுக்கொள்கிறது. ஓட்டை 400 மைக்ரானைத் தாண்டினால் பெரியது என்பது மருத்துவர் கணக்கு. மென்பொருளோ அளவோடு நிற்காமல் விளிம்பின் வீக்கம், கோட்டின் சிதைவு என்று படம் முழுவதையும் எடைபோடுகிறது.

கண் படத்தைக் கணினி படிப்பது இதற்கு முன்பும் நடந்ததுதான். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளோடு சேர்ந்து கூகுள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கணினி திறமையாகக் கண்டுபிடித்தது. அங்கே விடை படத்திலேயே இருந்தது. மேக்குலா ஓட்டையிலோ விடை சிகிச்சைக்குப் பிறகுதான் வரவேண்டும். அறுவை மருத்துவரின் கைத்திறன், ஓட்டை விழுந்து எத்தனை மாதம் ஆயிற்று, சிகிச்சைக்குப் பின் கண்புரை வந்ததா என்பதெல்லாம் ஸ்கேனில் அப்படியே பதிவாவதில்லை. ஆகவே கணினி சொல்லும் கணிப்பை நோயாளியோடு மனம்விட்டுப் பேசப் பயன்படுத்தலாம். அதைக் காட்டி ஒருவருக்குச் சிகிச்சையை மறுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஓட்டை சிறிதாகவும் புதிதாகவும் இருக்கும்போதே வருபவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரு கண் மங்கினாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் பலருக்கும் இது தெரியாமலே போகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணையும் சோதியுங்கள். கம்பி வளைந்தோ நடுவில் விட்டுப்போயோ தெரிந்தால், அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.