ஒரு கட்டிங் கிளாஸை வரைந்து பாருங்கள்

மும்பையின் குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கட்டிங் சாய், அதாவது அரைக் கிளாஸ் டீ, வாங்குங்கள். குடித்து முடித்ததும் காலிக் கிளாஸை மேலிருந்து பாருங்கள். பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் சின்ன வட்டம் ஒன்று. இப்போது அதையே கண்ணுக்கு நேரே பிடியுங்கள். மேலே அகன்று கீழே குறுகும் சரிவகம். இந்த இரண்டு படங்களையும் அளவோடு தாளில் போட்டுக் கொடுத்தால் போதும். அந்தக் கிளாஸைக் கண்ணால் பார்த்திராத, நம் மொழியும் தெரியாத ஒரு லேத் தொழிலாளி அதே வடிவத்தை இரும்பில் கடைந்து கொடுத்துவிடுவார்.

பொறியியல் வரைபடத்தின் அடிப்படை இதுதான். டெக்னிக்கல் ஹைஸ்கூலில் சேரும் எட்டாம் வகுப்புப் பிள்ளையானாலும், ஐ.டி.ஐ.யில் சேரும் இளைஞரானாலும், கையில் அரம் பிடிப்பதோடு கூடவே கற்க வேண்டிய பாடம் இது.

சுவரில் விழும் நிழல்

ஒரு பொருளுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று பரிமாணங்கள். தாளுக்கு இரண்டுதான். மூன்றை இரண்டுக்குள் அடக்கும் வழியை 18ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்தியவர் பிரான்சின் கணித மேதை காஸ்பார் மோன்ஜ். கோட்டை கட்டுவதற்குப் பயன்பட்ட கணக்கு என்பதால், பிரெஞ்சு ராணுவம் அதைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தது.

முறை எளிமையானது. பொருளுக்கு முன்னால் நின்று பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் உருவம் பின்னால் உள்ள சுவரில் நிழல்போல விழுகிறது. அது முன்தோற்றம். மேலிருந்து பார்த்தால் உருவம் தரையில் விழும். அது மேல்தோற்றம். பிறகு தரையைக் கீழ்நோக்கி மடக்கிச் சுவரோடு ஒரே தாளாக்குகிறோம். அதனால் இந்தியப் பள்ளிகளில் கற்பிக்கும் முதல் கோண முறையில், மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். மேலிருந்து பார்த்ததைக் கீழே வரைவதா என்று குழம்பாத மாணவர் குறைவு. நிழல் எங்கே விழும் என்று யோசித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறையில் இந்த இடங்கள் மாறிவிடும். அதனால் எந்த முறையில் வரைந்தது என்பதைத் தாளின் மூலையில் ஒரு சின்னத்தால் குறிப்பார்கள். அந்தச் சின்னம் என்ன தெரியுமா? ஒரு சரிவகம், பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். நம் கட்டிங் கிளாஸைப் படுக்கவைத்த படமேதான்!

கோடுகளுக்கும் இலக்கணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த முழுக்கோடு. உள்ளே மறைந்திருக்கும் துளைக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. நடு அச்சுக்கு நீளமும் குட்டையும் மாறிமாறி வரும் மெல்லிய கோடு. ஒரு கோட்டை மாற்றிப் போட்டால் பட்டறையில் ஒரு துளை காணாமல் போகும்.

மயில்துத்தம் பூசிய இரும்பு

தாளில் உள்ளது இரும்பில் எப்படி ஏறுகிறது? ஃபிட்டர் பிரிவுப் பட்டறைக்குள் போவோம். அரத்தால் மட்டம் செய்த இரும்புத் துண்டின் மீது மயில்துத்தக் கரைசலைத் தடவுகிறார்கள். கரைசலில் உள்ள செம்பு பிரிந்து இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. வெள்ளையாக மின்னிய இரும்பு செந்நிறமாகிறது. அதன்மேல் கூரான ஸ்கிரைபரால் கீறினால், செம்புக்கு நடுவே இரும்பின் கோடு பளிச்சென்று தெரிகிறது. வேதியியல் புத்தகத்தில் இடப்பெயர்ச்சி வினை என்று மனப்பாடம் செய்த வரி, இங்கே பட்டறை மேசையில் வேலை செய்கிறது.

கீறிய கோட்டின் மேல் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, ஹாக்ஸாவால் அறுத்து, அரம் போடுகிறார்கள். இரும்புத் துகள் அரத்தின் பற்களில் சிக்காமல் இருக்க அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வார்கள். படத்தில் 50 ± 0.04 மி.மீ. என்று இருந்தால், துண்டு 49.96-க்குக் கீழும் போகக்கூடாது, 50.04-க்கு மேலும் இருக்கக்கூடாது. இந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். இதை அளக்கும் வெர்னியர் காலிப்பரில் 49 மி.மீ. நீளத்தை 50 சம பாகங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பாகமும் 0.98 மி.மீ. ஆகிறது. பிரதான அளவுகோலின் ஒரு மில்லிமீட்டருக்கும் இதற்கும் உள்ள 0.02 மி.மீ. வேறுபாட்டைக் கொண்டுதான் கண் இவ்வளவு நுட்பமாக அளக்கிறது.

ஓவியமும் உறவுதான்

ஓவியம் வேறு, தொழில் வேறு என்று நினைக்கிறோம். மகாராஷ்டிரத்தின் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளைப் பாருங்கள். மாநிலக் கலை இயக்ககம் நடத்தும் இவற்றில், பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், வடிவமைப்பு ஆகியவற்றோடு வடிவியலும் எழுத்து வரைதலும் உண்டு. இன்டர்மீடியட்டில் கனவடிவங்களின் தோற்றங்களையும் வரைய வேண்டும். ஃபிட்டர் பட்டறையில் கற்கும் அதே பாடம்! 1857-ல் மும்பையில் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளிக்குப் போகிறவருக்கும், 1887-ல் பைகுல்லாவில் தொடங்கி 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்த வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரிக்குப் போகிறவருக்கும் அடித்தளம் ஒன்றே. பார்ப்பதைச் சரியாகப் பார்ப்பது, பார்த்ததைக் கைக்குக் கொண்டுவருவது.

ஆலை போனது, கோடு நிலைத்தது

குர்லா இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான இடம். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் கார் ஆலை இங்கேதான் இருந்தது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினி கார் இங்கேதான் உருவானது. அந்த டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவானதும் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது. ஆலையின் பெயரைத் தாங்கிய சாலை இன்னும் இருக்கிறது. அதே சாலையில் டான் பாஸ்கோ சபையாரின் கல்வி வளாகம் நிற்கிறது. இத்தாலியின் டூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக 1853-ல் செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை திறந்தவர் அந்த டான் பாஸ்கோ.

ஆலைகள் மூடினால் கைத்தொழிலும் மூடிப்போகாதா என்று கேட்கலாம். பத்மினியின் பாகத்துக்குப் போட்டது போன்ற படம்தான் மெட்ரோ பெட்டியின் பாகத்துக்கும் லிஃப்ட்டின் பாகத்துக்கும் போடப்படுகிறது. 1982-ல் ஆட்டோகேட் வந்த பிறகு கோட்டைக் கணினி இழுக்கிறது. எந்தத் தோற்றத்தைக் காட்டினால் படிப்பவருக்குப் புரியும் என்று முடிவு செய்வது இன்றும் மனிதர்தான்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தான் ஐ.டி.ஐ. என்ற எண்ணத்தை விடுங்கள். பிள்ளை நோட்டின் ஓரத்தில் எதையாவது வரைந்துகொண்டே இருந்தால் திட்டாதீர்கள். ஓவியத் தேர்வுக்குப் பெயர் கொடுங்கள். அருகில் உள்ள டெக்னிக்கல் பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ ஒருநாள் அழைத்துப் போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். அதற்கும் முன்னால், இன்று மாலை டீ குடித்த கிளாஸை மேசைமேல் வைத்து, மேலிருந்து ஒரு படம், முன்னிருந்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள். முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.